ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? பிறப்பு முதல் முதுமை வரை மனசு வளர்வது எப்படி?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர்கள் ரொம்பக் குறைவு.

குழந்தை அடம்பிடித்தால், "இப்பவே அடக்கி வை" என்று சொல்ல இதே பழமொழிதான். காலேஜ் முடித்த பையன் இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தால், "இவன் இனிமே எங்க திருந்தப் போறான்" என்று கைவிடவும் இதே பழமொழிதான். 60 வயது அம்மா போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடு என்று கேட்டால், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா?" என்று மறுப்பதற்குப் பின்னாலும் அதே எண்ணம்தான் இருக்கிறது.

உண்மையிலேயே மனித மனசு ஐந்து வயதில் இறுகிவிடுகிறதா? அதன்பிறகு மாற்றமே கிடையாதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி உளவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில், ஒரே மனிதர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து நடுவயது வரைக்கும், சில ஆய்வுகளில் 80 வயது தாண்டியும் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், பழமொழியில் பாதி உண்மை. ஆரம்ப வருஷங்கள் மிக முக்கியம். ஆனால், வளைவது ஐந்தோடு நிற்பதில்லை.

மனசு வளர்வது என்றால் என்ன?

உடம்பு வளர்வது கண்ணுக்குத் தெரியும். உயரம், எடை என்று அளந்துவிடலாம். மனசு வளர்வது என்பது யோசிக்கும் விதம், உணர்ச்சிகளைக் கையாளும் விதம், மற்றவர்களோடு பழகும் விதம், 'நான் யார்' என்ற புரிதல் ஆகிய எல்லாமே வயதோடு மாறுவது.

20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், இந்த வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடும் இளமையோடும் முடிந்துவிடுவதாகவே பலர் நினைத்தார்கள். அதை மாற்றிய முக்கியமானவர்களில் ஒருவர் எரிக் எரிக்சன். 1902-ல் ஜெர்மனியில் பிறந்து, 1933-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பெற்ற தந்தை யார் என்பதே தெரியாமல் வளர்ந்தவர். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'அடையாளச் சிக்கல்' என்ற கருத்தைப் பிரபலமாக்கியதும் இவர்தான்.

இந்தியாவுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்கை நடத்த 1962-ல் அகமதாபாத் வந்தார். 1918-ல் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் காந்தியின் பங்கு அவரை ஈர்த்தது. அதை மையமாக வைத்து காந்தியின் மனதை ஆராய்ந்து அவர் எழுதிய புத்தகத்துக்கு 1970-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எரிக்சன் சொன்ன 8 படிகள்

1950-ல் வெளியான தன் புத்தகத்தில் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படியிலும் மனசுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றார். வயதுக் கணக்கு எல்லாம் தோராயமானதுதான்.

1. பிறந்தது முதல் ஒன்றரை வயது வரை: இந்த உலகத்தை நம்பலாமா, கூடாதா? அழுதால் யாராவது வருவார்களா?

2. ஒன்றரை முதல் 3 வயது: "நானே சாப்பிடுவேன், நானே செருப்பு போடுவேன்." சுயமாகச் செய்யும் துணிச்சலா, வெட்கமா?

3. 3 முதல் 6 வயது: புதிதாக எதையாவது தொடங்கும் ஆர்வமா, எதைச் செய்தாலும் தப்பாகிவிடுமோ என்ற குற்ற உணர்வா?

4. 6 முதல் 12 வயது: "என்னால் முடியும்" என்ற எண்ணமா, தாழ்வு மனப்பான்மையா?

5. 12 முதல் 18 வயது: நான் யார் என்ற தெளிவா, குழப்பமா?

6. 18 முதல் 40 வயது: இன்னொருவரோடு நெருக்கமா, தனிமையா?

7. 40 முதல் 65 வயது: அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்கிறோமா, தேங்கி நிற்கிறோமா?

8. 65 வயதுக்கு மேல்: வாழ்ந்த வாழ்க்கையில் நிறைவா, விரக்தியா?

இது பாஸ், ஃபெயில் பரீட்சை அல்ல. ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். யாரையும் சந்தேகிக்கவே தெரியாத குழந்தையும் ஆபத்தில்தான் இருக்கிறது. நல்ல பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும். அதோடு, ஒரு படியில் விட்டதை அடுத்தடுத்த படிகளில் ஓரளவு சரிசெய்ய முடியும் என்பதும் இந்தப் பார்வையில் அடங்கியிருக்கிறது.

எரிக்சனின் படிகள் ஒரு வரைபடம் மாதிரி. நிஜ வாழ்க்கை இந்த வரைபடத்தின்படிதான் போகிறதா என்பதைப் பின்னாளில் வந்த ஆய்வுகள்தான் சோதித்துப் பார்த்தன.

முதல் இரண்டு வருஷம் ஏன் இவ்வளவு முக்கியம்?

பழமொழியின் முதல் பாதிக்கு மிக வலுவான, மிக வேதனையான ஆதாரம் ருமேனியாவிலிருந்து வருகிறது.

அங்கு சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சியில், மக்கள்தொகையைப் பெருக்க 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் குழந்தைகளை அரசு காப்பகங்களில் விட்டார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தக் காப்பகங்களில் இருந்தார்கள். பல இடங்களில் சாப்பாடு கிடைத்தது, தொட்டில் கிடைத்தது. தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. அழுதும் யாரும் வராததால், அழுவதையே நிறுத்திவிட்ட குழந்தைகள் இருந்தார்கள்.

2000-ம் ஆண்டு வாக்கில், அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது புக்கரெஸ்டில் வளர்ப்புக் குடும்ப வசதி கிட்டத்தட்ட இல்லை என்பதால், அதை ஆய்வுக் குழுவே உருவாக்கியது.

குடும்பங்களுக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் கூடியது. பெரியவர்களோடு பாசமாக ஒட்டிக்கொள்ளும் தன்மையும் வளர்ந்தது. அதிலும் 2 வயதுக்கு முன்பே போனவர்களிடம் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. மூளை வளர்ச்சியில் சில கதவுகள் குறிப்பிட்ட காலத்தில்தான் அகலத் திறந்திருக்கின்றன என்பதை இது காட்டியது.

அப்போ அம்மா வேலைக்குப் போகக் கூடாதா?

இந்த மாதிரி ஆய்வுகளைப் படித்ததும் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு வரும் முதல் பயம் இதுதான். ஆனால், காப்பகத்தில் கைவிடப்படுவதும், அம்மா வேலை முடித்து மாலையில் வீடு திரும்புவதும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த அரசு ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. பகல்நேரக் காப்பகத்தில் விடுவது மட்டுமே, தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பாசப் பிணைப்பைக் கெடுத்துவிடுவதில்லை என்று அது கண்டறிந்தது. குழந்தையின் தேவையைப் புரிந்து அம்மா எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் பெரிதாக எண்ணப்பட்டது.

குழந்தைக்குத் தேவை, அழுதால் எட்டிப்பார்க்கிற, சிரித்தால் திருப்பிச் சிரிக்கிற, மழலைக்குப் பதில் பேசுகிற ஆள். அது அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், பாட்டி தாத்தாவாகவும் இருக்கலாம். அந்த இடத்தை செல்போன் நிரப்பாது. 2 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியதும் இதையொட்டித்தான்.

ஆரம்பம் மோசமாக இருந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. இதற்கும் ருமேனியக் குழந்தைகளே சாட்சி.

பிரிட்டன் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட 165 ருமேனியக் குழந்தைகளை, மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வுக் குழு இளம்பருவம் தாண்டும்வரை கவனித்தது. காப்பகத்தில் 6 மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு கவனக்குறைவு, பழகுவதில் சிரமம் போன்றவை பெரியவர்களான பிறகும் தொடர்ந்தன. அதேசமயம், அவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் காலத்திலும் பெரிய பாதிப்பு தெரியவில்லை. சிறுவயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறனும் பலருக்கு வளர வளர இயல்பு நிலைக்கு வந்தது.

இன்னும் தெளிவான பதில் ஹவாயின் கவாய் தீவிலிருந்து கிடைத்தது. 1955-ல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு நடுவயது வரை பின்தொடர்ந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல சிக்கல்களோடு வளர்ந்தவர்கள்.

இந்தக் குழந்தைகள் கண்டிப்பாகத் தடம் மாறிவிடுவார்கள் என்றுதானே தோன்றும்? ஆனால், அவர்களிலும் மூன்றில் ஒருவர் படிப்பிலும் வேலையிலும் உறவிலும் உறுதியான மனிதராக வளர்ந்தார். அப்படி வளர்ந்தவர்கள் பலரிடம் ஒரு பொதுவான அம்சம் இருந்தது. பெற்றோர் இல்லாவிட்டாலும், அவர்கள்மேல் அக்கறை வைத்த ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தார். பாட்டி, அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் என யாரோ ஒருவர்.

டீன் ஏஜில் தடம் மாறியவர்களிலும் பெரும்பாலானோர், 30, 40 வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். விட்ட படிப்பைத் தொடர்ந்தது, நிலையான வேலை, நல்ல துணை என்று இரண்டாவது வாய்ப்பு கிடைத்தவர்கள் அவர்கள். "இவன் திருந்த மாட்டான்" என்று 16 வயதில் எழுதிய தீர்ப்பு, 32 வயதில் பலர் விஷயத்தில் தப்பாகிப்போனது.

பள்ளி வயது: அடக்கினால்தான் வருமா சுயக்கட்டுப்பாடு?

குழந்தை, பெரியவரின் சின்ன வடிவம் அல்ல. அது வேறு மாதிரி யோசிக்கிறது என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. அகலமான டம்ளரில் இருக்கும் தண்ணீரை, குழந்தையின் கண்முன்னே ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். 4 வயதுக் குழந்தை "இதுலதான் நிறைய இருக்கு" என்று உயரமான டம்ளரைக் காட்டும். 7, 8 வயதில் "அதே தண்ணிதானே" என்று சிரிக்கும். சொல்லிக்கொடுக்காதது குறை இல்லை. மூளை அந்த இடத்துக்கு வந்துசேர நேரம் எடுக்கிறது. 4 வயதுக் குழந்தையிடம் 8 வயதுக்கான பொறுமையை எதிர்பார்த்து அடிப்பதில் பயனில்லை என்பதும் இதே காரணத்தால்தான்.

சுயக்கட்டுப்பாடு முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பணநிலையிலும் மேலாக இருந்தார்கள். இங்கே பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு முடிவும் இருக்கிறது. சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு குறைவாக இருந்து, வளர வளர அதைக் கற்றுக்கொண்டவர்களின் வாழ்க்கையும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அமைந்தது.

புகழ்பெற்ற மிட்டாய்ச் சோதனையும் இப்படித்தான். "இப்பவே சாப்பிட்டா ஒண்ணு, காத்திருந்தா ரெண்டு" என்று குழந்தைகளிடம் சொல்லி, காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் ஜெயித்தார்கள் என்று 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய வால்டர் மிஷல் ஆய்வுகள் பேசப்பட்டன. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி சோதித்தார்கள். காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது இன்னும் தேய்ந்தது. 4 வயதில் ஒரு மிட்டாயை வைத்து யாருடைய எதிர்காலத்தையும் எழுதிவிட முடியாது.

டீன் ஏஜ்: மூளையில் என்ன நடக்கிறது?

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த புள்ளை, திடீர்னு எதிர்த்துப் பேசுது." பெற்றோர் அதிகம் புலம்புவது இந்த வயதைப் பற்றித்தான்.

காரணம், மூளையின் பாகங்கள் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. சந்தோஷம், பரபரப்பு, பாராட்டு ஆகியவற்றுக்குத் துள்ளும் பகுதி பருவமடையும்போதே வேகமெடுக்கிறது. 'இதைச் செய்தால் என்ன ஆகும்' என்று யோசித்து பிரேக் போடும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர 20-களின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. ஆக்சிலரேட்டர் முதலில் வருகிறது, பிரேக் பின்னால் வருகிறது.

அதோடு நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மாறும். லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியலாளர், கார் ஓட்டும் வீடியோ கேம் மூலம் இதைச் சோதித்தார். தனியாக விளையாடும்போது எடுக்கும் ரிஸ்க்கைவிட, நண்பர்கள் கூட இருக்கும்போது டீன் ஏஜ் பிள்ளைகள் அதிக ரிஸ்க் எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. பைக்கில் தனியாகப் போகும் பையனும், நண்பர்களோடு சேர்ந்து போகும்போது அதே பையனும் வேறு வேறு ஆளாகத் தெரிவது இதனால்தான்.

இரவில் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் தவிப்பதும் முழுக்கச் சோம்பேறித்தனம் அல்ல. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னோக்கி நகர்கிறது.

இந்த அறிவியல் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தபோது, இளையோரின் மனமுதிர்ச்சியின்மையும் மாறும் தன்மையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இந்தியாவில் 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதுக்குள்ளானவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன், அவர்களின் மன, உடல் திறனை சிறார் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும்.

20-களில் 'செட்டில்' ஆகாதது தப்பா?

நான் யார், எனக்கு எது பிடிக்கும் என்ற தேடல் 18 வயதோடு முடிவதில்லை. எரிக்சனுக்குப் பின் வந்த ஜேம்ஸ் மார்சியா, 1966-ல் இதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப்பார்த்து முடிவுக்கு வந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடாமலேயே வீட்டில் சொன்னதை அப்படியே ஏற்றவர்கள், தேடவும் இல்லாமல் முடிவும் இல்லாமல் இருப்பவர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் "இன்ஜினீயரிங்தான்" என்று வீட்டில் முடிவெடுத்துச் சேர்ந்த பையன் மூன்றாவது நிலையில் இருக்கிறான். வெளியில் பார்த்தால் தெளிவாக இருப்பதுபோலத் தெரியும். பத்து வருஷம் கழித்து, "இது எனக்கு வேண்டாம்" என்று அவன் வேலையை விடும்போது வீடே அதிர்ச்சியாகும். அது தள்ளிப்போட்ட தேடல். 20-களில் கொஞ்ச நாள் தேடுகிற பிள்ளையைத் தோற்றவனாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், தேடலும் இல்லாமல், ஆள் பழக்கமும் இல்லாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

நடுவயது: புதுசா எதுவும் வளராதா?

'நடுவயது நெருக்கடி' என்ற சொல்லை 1965-ல் உருவாக்கியவர் எலியட் ஜாக்ஸ். 40 வயதானால் எல்லோருக்கும் அது வந்தே தீரும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தங்களுக்கு அப்படி ஒன்று வந்தது என்று சொன்னவர்கள் சிறு பகுதியினர்தான். அதிலும் பலருக்குக் காரணம் வேலை இழப்பு, விவாகரத்து, நோய் போன்ற சம்பவங்கள். வயது இல்லை.

மூளையும் நடுவயதில் பூட்டிக்கொள்வதில்லை. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்த 79 பேரை எலினார் மக்வயர் குழு ஸ்கேன் செய்து பார்த்தது. 2011-ல் வெளியான முடிவின்படி, படித்துத் தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்பாகம் பெரிதாகியிருந்தது. தேர்ச்சி பெறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இவர்கள் எல்லோரும் வளர்ந்த பெரியவர்கள்.

உறவுகளின் கணக்கும் இந்த வயதில்தான் எழுதப்படுகிறது. 1938-ல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களையும் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தது. 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள், 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். அந்த வயதின் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவின் திருப்திதான் பிற்கால ஆரோக்கியத்தை நன்றாகக் காட்டிக்கொடுத்தது என்கிறார் ஆய்வின் தலைவர் ராபர்ட் வால்டிங்கர்.

முதுமை: இறங்குமுகம் மட்டும்தானா?

அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-ல் வார்னர் ஷாய் தொடங்கிய ஆய்வு இந்த எண்ணத்தைத் தகர்த்தது. மூளையின் வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது. ஆனால், சொல்வளம் போன்ற திறன்கள் 60-கள் வரைக்கும் நிலைத்து நிற்கின்றன. பேரனுக்குப் போன் வேகமாக வரும், தாத்தாவுக்கு எதிரில் இருப்பவரின் பேச்சிலுள்ள உள்ளர்த்தம் சட்டென்று பிடிபடும் என்பதுபோலத்தான்.

அதே ஆய்வில், வயதானவர்களுக்குச் சில மணி நேர மனப்பயிற்சி கொடுத்தபோது சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் முன்னேறினார்கள். திறன் குறைந்திருந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர், 14 வருஷத்துக்கு முன்பு இருந்த நிலைக்கே திரும்பினார்கள்.

தாத்தா அதே பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்கலாம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே இதற்கு 'வாழ்க்கையை மீள்பார்வை செய்தல்' என்று பெயர் வைத்தார். வாழ்ந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்து, கணக்கு நேர்செய்து, நிறைவு தேடுவது முதுமையின் மனவேலை. எரிக்சன் சொன்ன எட்டாவது படியும் அதுதான். அதற்குக் கேட்க ஒரு காது வேண்டும்.

இந்தியாவிலிருந்தும் ஒரு நல்ல செய்தி. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

மருத்துவ இதழான லான்செட்டின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையும் முக்கியமானது. காது கேளாமை, பார்வைக் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மனச்சோர்வு, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் 45 சதவிகிதம் வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்கிறது அது. அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுப்பது வெறும் வசதிக்காக அல்ல.

இந்த ஆய்வுகளை அப்படியே நம்பலாமா?

கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஹார்வர்டு ஆய்வு வெள்ளையின ஆண்களோடு தொடங்கியது. எரிக்சனின் படிகள் ஆணின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்தவை என்று கரோல் கில்லிகன் விமர்சித்தார். கூட்டுக் குடும்பம், வீட்டில் பார்த்துவைக்கும் திருமணம், கடைசிவரை பிள்ளைகளோடு வாழ்வது போன்ற நம் ஊர் வழக்கங்களில் வயதுக் கணக்குகள் மாறலாம். ஒன்றோடொன்று தொடர்பு இருப்பதால் மட்டுமே, ஒன்று மற்றதற்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் வேறு வேறு நாடுகளில், வேறு வேறு காலங்களில் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஐந்தில் வளைப்பது சுலபம். ஐம்பதில் வளைய நேரம் பிடிக்கும், துணைக்கு ஆள் வேண்டும், ஆனால் வளையும். இதில் தாமதிக்கக் கூடாதது ஒன்று உண்டு. அது, கைக்குழந்தைக்குத் தேவையான கவனிப்பு.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

குழந்தைகள்: ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, வந்த பேச்சு மறைந்துபோவது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

டீன் ஏஜ், இளைஞர்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகம், நண்பர்களை ஒதுக்குவது, தூக்கத்திலும் சாப்பாட்டிலும் பெரிய மாற்றம், போதைப் பழக்கம். சாவைப் பற்றிப் பேசினால், "சும்மா மிரட்டுறான்" என்று விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

நடுவயது: எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத உடல்வலி, கட்டுப்படுத்த முடியாத கோபம், கூடிக்கொண்டே போகும் குடி.

முதியவர்கள்: சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம். தெரிந்த தெருவில் வழி மறப்பது, சமைக்கும் முறையே மறந்துபோவது சகஜம் அல்ல. மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் மறதி மாதிரித் தோன்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகியவற்றை அழைக்கலாம். குழந்தைகள் தொடர்பான உதவிக்கு 1098. முதியவர்களுக்கு 14567.